வெளிக்களக் குழு வழிநடத்தல்

வெளிக்களக் குழு வழிநடத்தல் என்பது மலை, காடு, ஆறு, கடற்கரை போன்ற திறந்தவெளி இடங்களுக்குச் செல்லும் குழு ஒன்றைத் திட்டமிட்டு அழைத்துச் சென்று, பாதுகாப்பாகத் திரும்பக் கொண்டுவரும் பணியும் அதற்கான பயிற்சியும் ஆகும். பள்ளி, கல்லூரிச் சுற்றுலா, சாரணர் முகாம், மலையேற்றம், பறவை நோக்கல், படகுப் பயணம் ஆகியவற்றில் இப்பணி தேவைப்படுகின்றது. குழுவை வழிநடத்துபவர் குழுத் தலைவர் அல்லது வழிநடத்துநர் எனப்படுவார்.

தனியாகப் பயணம் செய்பவர் தமது இடரைத் தாமே தெரிந்து ஏற்கிறார். குழுவில் செல்பவரோ, குறிப்பாகச் சிறுவர், அந்த முடிவைத் தலைவரிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். ஆகவே நல்ல மலையேறியோ நல்ல நீச்சல்காரரோ தாமாகவே நல்ல குழுத் தலைவர் ஆகிவிடுவதில்லை. குழு வழிநடத்தல் தனியே கற்க வேண்டிய திறனாகக் கருதப்படுகின்றது.

வரலாறு

இளைஞர் குழுக்களைத் திறந்தவெளியில் ஒழுங்காக வழிநடத்தும் முறைக்குச் சாரணர் இயக்கம் முன்னோடியாகும். பேடன் பவல் 1907 ஆகஸ்ட் மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் நடத்திய முகாமில் சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களுள் ஒருவனையே தலைவனாக்கினார். ஏறத்தாழ ஆறு முதல் எட்டுப் பேர் கொண்ட இவ்வணி முறை இன்றும் பின்பற்றப்படுகின்றது. சாரண ஆசிரியர்களுக்கான பயிற்சி 1919 இல் கில்வெல் பூங்காவில் தொடங்கியது. இந்தியச் சிறுவர்களுக்காக அன்னி பெசன்ட் 1916 இல் சென்னையில் சாரணர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். நாட்டில் இயங்கிய பல்வேறு சாரணர் அமைப்புகள் 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரண சாரணியர் இயக்கமாக ஒன்றிணைந்தன.

வழிநடத்துநருக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்னும் கருத்து பெரும்பாலும் விபத்துகளின் வழியே வலுப்பெற்றது. பிரித்தானியாவில் மலைக்குழுத் தலைவர்களுக்கான சான்றிதழ் முறை 1964 இல் தொடங்கியது. 1971 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கேர்ன்கோர்ம் மேட்டுநிலத்தில் பனிப்புயலில் சிக்கி எடின்பரோவைச் சேர்ந்த 5 மாணவர்களும் பயிற்சி நிலையில் இருந்த 18 வயது தலைவர் ஒருவரும் இறந்தனர். அதன் பின்னர் பள்ளிக் குழுக்களை மலைக்கு அழைத்துச் செல்வோரின் தகுதி குறித்த நெறிகள் கடுமையாக்கப்பட்டன. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் சிறு துடுப்புப் படகுகளில் சென்ற 4 மாணவர்கள் இறந்ததைத் தொடர்ந்து, இளையோருக்கான வெளிக்கள மையங்கள் உரிமம் பெற வேண்டும் என்னும் சட்டம் 1995 இல் இயற்றப்பட்டது.

பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு, சாகசச் சுற்றுலாவின் பாதுகாப்பு மேலாண்மைக்கென 2014 இல் ஐஎஸ்ஓ 21101 என்னும் தரத்தையும், குழுத் தலைவர்களின் தகுதிக்கென 2020 இல் ஐஎஸ்ஓ 21102 என்னும் தரத்தையும் வெளியிட்டது.

இந்தியாவில் பயிற்சி

1953 இல் டென்சிங் நோர்கேயும் எட்மண்ட் இல்லரியும் எவரெஸ்ட் சிகரத்தை அடைந்ததைத் தொடர்ந்து, 1954 இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. டென்சிங் அதன் முதல் களப்பயிற்சி இயக்குநராகப் பணியாற்றினார். 1965 இல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் அமைக்கப்பட்டது. மணாலியிலும் பகல்காமிலும் இத்தகைய நிறுவனங்கள் உள்ளன. இவற்றில் அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி, தேடல் மற்றும் மீட்புப் பயிற்சி, பயிற்றுமுறைப் பயிற்சி ஆகியன அளிக்கப்படுகின்றன. அடிப்படைப் பயிற்சியில் முதல் தரம் பெற்றவரே மேல்நிலைக்கும், மேல்நிலையில் முதல் தரம் பெற்றவரே பயிற்றுமுறைப் பயிற்சிக்கும் செல்ல இயலும்.

பயிற்சியும் இடர் அற்றதன்று. 2022 அக்டோபர் 4 அன்று உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா சிகரப் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் நேரு மலையேற்ற நிறுவனத்தின் மேல்நிலைப் பயிற்சிக் குழு சிக்கியது. பயிற்றுநர்கள் உட்பட 27 பேரின் உடல்கள் மீட்கப்பட்டன.

இந்நிறுவனங்களின் பாடத்திட்டம் பனி, பனியாறு, பாறை, கயிறு ஆகியவற்றை மையமாகக் கொண்டது. தமிழகத்தின் மலைகளில் பனியாறு இல்லை. இங்குள்ள முதன்மையான இடர்கள் காட்டுத்தீ, வெப்பம், திடீர் வெள்ளம், மின்னல், யானை, பாம்பு, கடல் நீரோட்டம் ஆகியனவாகும். எனவே இமயமலையில் பெற்ற சான்றிதழுடன் உள்ளூர் நிலத்தைப் பற்றிய அறிவும் வழிநடத்துநருக்குத் தேவை.

குரங்கணி காட்டுத்தீ

தமிழகத்தில் குழு வழிநடத்தல் பற்றிய பொது விவாதத்தை உருவாக்கிய நிகழ்வு 2018 மார்ச் 11 அன்று ஏற்பட்ட குரங்கணி காட்டுத்தீ ஆகும். குரங்கணி, தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். சென்னையிலிருந்தும் திருப்பூர், ஈரோடு பகுதிகளிலிருந்தும் வந்த இரு குழுவினர் கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது, காய்ந்த புல் படர்ந்த சரிவில் தீ சூழ்ந்தது. பலர் திசைக்கொருவராய் ஓடினர். சிலர் பள்ளத்தில் விழுந்தனர். உள்ளூர் மக்களும் வனத்துறையினரும் முதலில் மீட்புப் பணியில் இறங்கினர். பின்னர் இந்திய வான்படையின் உலங்கு வானூர்திகளும் ஈடுபடுத்தப்பட்டன. சம்பவ இடத்திலும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக 20 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தமிழக அரசு இந்நிகழ்வை ஆராய மூத்த இந்திய ஆட்சிப் பணி அலுவலரான அதுல்ய மிஸ்ராவை நியமித்தது.

தீயின் இயல்பு இந்நிகழ்வைப் புரிந்துகொள்ள உதவும். வெப்பம் மேல்நோக்கிச் செல்வதால், சரிவின் மேலேயுள்ள புல்லும் சருகும் தீ வந்தடையும் முன்பே காய்ந்து எரியத் தயாராகின்றன. நிலத்தின் சரிவு 10 பாகை கூடும்தோறும் மேல்நோக்கிப் பரவும் தீயின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது தீயணைப்பில் பயன்படும் பொது விதி. மனிதர் மேடேறும் வேகமோ சரிவு கூடக் குறையும். ஆகவே சரிவில் தீயை முந்தி மேலே ஓடுதல் பெரும்பாலும் இயலாது. ஏற்கனவே எரிந்து கரிந்த நிலம், வெறும் பாறை, நீர்நிலை, புல்லற்ற பாதை ஆகியனவே ஒதுங்கத்தக்க இடங்கள். உருகி உடலில் ஒட்டும் செயற்கை இழை ஆடைகளைவிடப் பருத்தி ஆடை தீப்பருவத்தில் பாதுகாப்பானது.

எனினும் தீக்குள் சிக்கிய பின் செய்யக்கூடியது சிறிதே. தவிர்த்திருக்கக்கூடிய முடிவுகள் யாவும் பயணத்துக்கு முன்னரே அமைகின்றன. எந்த மாதத்தில் செல்வது, அன்று அப்பகுதியில் தீ உள்ளதா என யாரிடம் கேட்பது, அனுமதி பெற்ற பாதை எது, திரும்ப வேண்டிய நிலை எது என்பன அவற்றுள் சில.

பின்விளைவுகள்

விபத்துக்குப் பின் 2018 ஆம் ஆண்டிலேயே வனப்பகுதிகளில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு வெளியிட்டது. மலையேற்றப் பாதைகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை என வகைப்படுத்தப்பட்டன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'டிரெக் தமிழ்நாடு' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இதன்கீழ் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் தெரிவு செய்யப்பட்டு, மலைவாழ் மக்கள் உட்பட உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். காட்டுத்தீப் பருவத்தில் இத்திட்டத்தின் மலையேற்றம் நிறுத்தி வைக்கப்படுகின்றது.

வழிநடத்துநர் கற்க வேண்டியவை

திட்டமிடல்

பாதையைத் தலைவர் முன்கூட்டியே ஒருமுறை நடந்து பார்த்திருத்தல் அடிப்படை விதியாகும். பயண நேரத்தைக் கணக்கிட 1892 இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்சுமித் கூறிய விதி இன்றும் பயன்படுகின்றது. இதன்படி 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமும், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரமும் ஆகும். எடுத்துக்காட்டாக, 600 மீட்டர் ஏற்றமுள்ள 8 கிலோமீட்டர் பாதைக்கு 1 மணி 36 நிமிடமும் ஒரு மணி நேரமும் சேர்ந்து 2 மணி 36 நிமிடம் வேண்டும். இது ஓய்வின்றி நடக்கும் திறனுள்ளவருக்கான கணக்கு. சிறுவர்களும் புதியவர்களும் உள்ள குழுவுக்கு இதன் இருமடங்கை ஒதுக்குதல் நன்று.

புறப்படும் முன்னரே 'திரும்பும் நேரம்' ஒன்று முடிவு செய்யப்பட வேண்டும். அந்நேரம் வந்ததும், இலக்கு கண்ணெதிரே இருப்பினும் குழு திரும்ப வேண்டும். களைப்பிலும் ஆர்வத்திலும் எடுக்கும் முடிவு பிழைபடக்கூடும் என்பதால் அம்முடிவைத் தெளிந்த மனநிலையில் முன்பே எடுத்துவைப்பதே இதன் நோக்கம்.

பயணத்தில் கலந்துகொள்ளாத ஒருவரிடம் குழுவினரின் பெயர்ப் பட்டியல், பாதை, திரும்பும் நேரம், குறித்த நேரத்தில் தகவல் வராவிடில் யாரை அழைப்பது என்னும் குறிப்பு ஆகியவற்றை விட்டுச் செல்ல வேண்டும். கைப்பேசி அலைவரிசை கிட்டாத மலைப்பகுதிகளில் இக்குறிப்பே மீட்புக் குழுவுக்குக் கிடைக்கும் முதல் தகவலாக அமையும்.

குழு ஒழுங்கு

* குழுவின் முன்னே வழி தெரிந்த ஒருவரும், கடைசியில் அனுபவமுள்ள கடைக்காவலர் ஒருவரும் நடப்பர். கடைக்காவலரை எவரும் பின்னால் விட்டுச் செல்லலாகாது.
* நடையின் வேகத்தைக் குழுவில் மெதுவாக நடப்பவரே தீர்மானிக்கிறார்.
* ஒவ்வொரு தங்குமிடத்திலும், பாதை பிரியும் இடத்திலும், படகிலோ பேருந்திலோ ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணப்படும்.
* ஒவ்வொருவருக்கும் ஓர் இணை இருப்பார். ஒருவரைக் காணாவிடில் முதலில் அறிவது இணையே.
* ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு போன்றவை பற்றிய குறிப்புகளும் மருந்துகளும் தலைவரிடம் இருக்கும்.

முதலுதவி

வெளிக்கள முதலுதவி, மருத்துவமனை தொலைவில் இருக்கும்போது நோயாளியைப் பல மணி நேரம் பேணுவதற்கான பயிற்சியாகும். வெப்ப வாதத்தில் உடலை உடனே குளிர்வித்தல் உயிர்காக்கும். பாம்புக்கடியில் கடிவாயை அறுப்பதும், உறிஞ்சுவதும், இறுகக் கட்டுவதும் தீங்கானவை; கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைவாகக் கொண்டு செல்வதே சரியான முறை. இடி கேட்டால் தனி மரத்தடி, திறந்த வயல், மேட்டு முகடு, நீர்நிலை ஆகியவற்றிலிருந்து விலகிக் கட்டடம் அல்லது மூடிய ஊர்திக்குள் செல்ல வேண்டும். இந்தியாவில் அவசர உதவிக்கு 112, அவசர ஊர்திக்கு 108, கடலோரக் காவற்படைக்கு 1554 ஆகிய எண்கள் உள்ளன.

முடிவெடுத்தலும் மனப்பிழைகளும்

அமெரிக்க ஆய்வாளர் இயன் மக்கமன் 2004 இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் நிகழ்ந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்தார். இடர் அறிகுறிகள் வெளிப்படையாக இருந்தும், பயிற்சி பெற்றவர்களும்கூட அவற்றைப் புறக்கணித்திருந்தமை தெரியவந்தது. இதற்குக் காரணமாக அமையும் மனப்போக்குகள் சிலவற்றை அவர் எடுத்துக்காட்டினார். பழகிய இடம் என்னும் துணிவு, ஏற்கனவே முடிவு செய்ததைக் கைவிட மனமின்மை, பிறர் செல்கின்றனர் என்னும் நம்பிக்கை, 'அவருக்குத் தெரியும்' எனத் தலைவரை முழுதும் நம்புதல் என்பன அவற்றுள் அடங்கும்.

கடைசியாகக் கூறியது தலைவருக்குச் சிறப்பான எச்சரிக்கையாகும். குழுவினர் தமது ஐயத்தைச் சொல்லாமல் இருப்பதற்குத் தலைவர்மீதுள்ள மதிப்பே காரணமாகலாம். ஆசிரியரை எதிர்த்துப் பேசலாகாது எனப் பழக்கப்பட்ட மாணவர் குழுக்களில் இது மேலும் பொருந்தும். எனவே எவரேனும் ஒருவர் அச்சம் தெரிவித்தாலும் குழு நின்று பேச வேண்டும் என்னும் விதியைப் புறப்படும் முன்னரே அறிவித்தல் பயன் தரும்.

நீர்வழிப் பயணங்கள்

இந்தியாவில் சுற்றுலாக் குழுக்கள் பெருமளவில் உயிரிழந்த நிகழ்வுகள் பல நீரில் நேர்ந்தவை.

* 2007 பெப்ரவரி 20: கேரளத்தின் தட்டேக்காட்டில் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர்.
* 2009 செப்டம்பர் 30: தேக்கடி ஏரியில் இரு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தனர்.
* 2011 டிசம்பர் 25: பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர்.
* 2014 சூன் 8: இமாச்சலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில், அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் திடீரென உயர்ந்ததில் ஐதராபாத்தைச் சேர்ந்த 24 பொறியியல் மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டனர்.
* 2024 சனவரி 18: வடோதராவின் ஹர்ணி ஏரியில் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தனர்.

கொள்ளளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுதல், உயிர்காப்பு அங்கி அணியாமை, பயணிகள் ஒரே பக்கமாக நகர்தல் ஆகியன படகு விபத்துகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் காரணங்கள். இம்மூன்றும் கரையில் நிற்கும்போதே தலைவர் தடுக்கக்கூடியவை. அங்கி போதாதெனில் படகில் ஏறாதிருத்தல் அவரது கடமையாகும். படகோட்டியின் அவசரமோ குழுவினரின் ஆவலோ அதை மாற்றலாகாது.

பியாஸ் நிகழ்வு காவிரிப் படுகைக்கும் பொருந்தும். மேட்டூர் அணை வழக்கமாகச் சூன் 12 அன்று பாசனத்துக்குத் திறக்கப்படுகின்றது. கோடையில் மணற்பரப்பாகக் கிடக்கும் காவிரி, கொள்ளிடம் முதலிய ஆறுகளில் அதன் பின்னர் எந்நேரமும் நீர் வரலாம். உள்ளூரில் மழை இல்லை என்பது ஆறு பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது.

கடற்கரைப் பயணங்கள்: காரைக்கால்

காரைக்கால்மேடு, புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தில் வங்காள விரிகுடாவை ஒட்டி அமைந்த மீனவர் ஊராகும். அரசலாறு காரைக்காலில் கடலில் கலக்கின்றது. இப்பகுதியிலிருந்து தரங்கம்பாடி, பூம்புகார், பிச்சாவரம் அலையாத்திக் காடு, கோடியக்கரை வனவிலங்கு உய்விடம் ஆகிய இடங்களுக்கு மாணவர் குழுக்கள் சென்றுவர இயலும். இங்கு மலை இல்லை. ஆயினும் குழுத் தலைவர் அறிய வேண்டிய இடர்கள் உள்ளன.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையால் காரைக்கால்மேடு உள்ளிட்ட காரைக்கால் கடலோர ஊர்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. சுமாத்திரா அருகே நிலம் நடுங்கியதற்கும் அலை தமிழகக் கரையை அடைந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தும், மக்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. ஆழிப்பேரலை தாக்கிய பல கரைகளில் முதலில் கடல் உள்வாங்கியது; அதைக் காண மக்கள் கடலை நோக்கிச் சென்றனர். அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில், பள்ளியில் புவியியல் பாடத்தில் கற்ற அறிகுறிகளை நினைவுகூர்ந்த 10 வயது ஆங்கிலேயச் சிறுமி ஒருத்தி தன் பெற்றோரை எச்சரித்ததால், அக்கடற்கரையில் இருந்தோர் உயிர் தப்பினர். கடல் திடீரென உள்வாங்கினால் உடனே உட்பகுதிக்கோ உயரமான இடத்துக்கோ செல்ல வேண்டும் என்பது ஒரு வரியில் கற்பிக்கக்கூடிய பாடம். 2007 முதல் ஐதராபாத்திலுள்ள மையம் ஆழிப்பேரலை எச்சரிக்கைகளை வழங்கி வருகின்றது.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இக்கரையில் புயல்கள் தாக்கக்கூடும். காரைக்காலில் வானிலை ரேடார் உள்ளது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை எண்ணிடப்பட்டவை. 1, 2 ஆகியன தொலைவிலுள்ள புயலையும், 3, 4 ஆகியன துறைமுகத்துக்கான மோசமான வானிலையையும், 5 முதல் 7 வரை அபாயத்தையும், 8 முதல் 10 வரை பேரபாயத்தையும், 11 வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்ததையும் குறிக்கும். கூண்டு ஏற்றப்பட்ட நாளில் குழுவைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லலாகாது.

வானம் தெளிந்த நாளிலும் இழுப்பு நீரோட்டம் இடர் விளைவிக்கும். கரையில் மோதிய அலைநீர் ஓர் ஒடுங்கிய வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது அது உண்டாகின்றது. அலை உடையாமல் அமைதியாகத் தோன்றும் இடமே பெரும்பாலும் அதன் வழி என்பதால், நீந்தத் தெரியாதோர் அங்கு இறங்க முனைவர். சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் இடாமல், கரைக்கு இணையாக நகர்ந்து நீரோட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். கரையில் உள்ளோர் கயிறு, வெற்றுக் கலன் போன்ற மிதக்கும் பொருளை எறிய வேண்டும். காப்பாற்றப் பாய்ந்தவரும் மூழ்குதல் அடிக்கடி நிகழ்வது.

அலை, காற்று, நீரோட்டம் ஆகியவற்றை நாள்தோறும் கவனிப்பவர்கள் மீனவர்களே. வாடை, கொண்டல், தென்றல் எனக் காற்றின் திசைக்கேற்பக் கடலின் போக்கை அவர்கள் அறிவர். குரங்கணியில் முதலில் உதவியது எவ்வாறு உள்ளூர் மக்களோ, அவ்வாறே கடற்கரையிலும் முதலில் உதவக்கூடியவர்கள் அவர்களே. கடலில் இறங்கும் முன் கரையிலுள்ள மீனவர் ஒருவரிடம் கேட்பதும், அவர் வேண்டாம் என்றால் இறங்காதிருப்பதும் சிறந்த முன்னெச்சரிக்கையாகும்.

கற்கும் முறை

குழு வழிநடத்தலை நூல் வழியாக மட்டும் கற்க இயலாது. பயிற்சி பெறுபவர் முதலில் அனுபவமுள்ள தலைவரின்கீழ் கடைக்காவலராகவும், பின் துணைத் தலைவராகவும், இறுதியில் எளிய பாதையொன்றில் தலைவராகவும் செயற்படுவார். ஒவ்வொரு பயணத்தையும் குறிப்பேட்டில் பதிவு செய்வார். பயணம் முடிந்ததும் குழு கூடி, நிகழ்ந்தவற்றை ஆராய்வதும் பயிற்சியின் பகுதியாகும். இதில் விபத்துகள் மட்டுமன்றி, விபத்தாக மாறாமல் நூலிழையில் தப்பியவையும் பேசப்பட வேண்டும். தீங்கின்றி முடிந்த தவறான முடிவு, சரியான முடிவு போலவே நினைவில் நின்றுவிடும் என்பதே இதற்குக் காரணம்.

இவற்றையும் பார்க்கவும்

* சாரணியம்
* மலையேற்றம்
* முதலுதவி
* காட்டுத்தீ
* ஆழிப்பேரலை
* காரைக்கால் மாவட்டம்